சித்திர வகுப்பில் நாம் கற்ற பாடம்

சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். அவ்வாண்டுதான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பணியேற்றிருந்தார். அமர்ந்ததும் அமராததுமாகத் தம் கைப்பையிலிருந்து நீல வண்ணம் தோய்ந்த கைக்குட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அன்று ஏழாம் வகுப்பில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்து, நான்கு பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை நீலமாகி, பக்கத்து வகுப்புக் கணக்காசிரியர் வந்து சத்தமிட்டுப் போனாராம்.

"சார், எனக்கு வரையத் தெரியும், சொல்லிக் கொடுக்கவும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். நாற்பது பேர் ஒரே நேரத்தில் தூரிகையைக் கையில் எடுத்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை" என்றார்.

நமக்குச் சிரிப்பும் வந்தது. பழைய நினைவும் வந்தது. 1984ஆம் ஆண்டு ஜூனில் கடலோரச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் நாம் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தோம். 2016இல் ஓய்வு பெறும்வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் அதே பள்ளி, அதே ஓட்டுக்கூரை அறை. அரசு நடத்தும் ஓவியத் தேர்வுகளில் கீழ்நிலை, மேல்நிலை இரண்டிலும் தேறியிருந்தோம். ஆனால் அச்சான்றிதழ்களில் ஒன்றேனும் தண்ணீர்க் குவளையை எங்கே வைப்பது என்று நமக்குக் கற்பிக்கவில்லை.

அன்று அவரிடம் கூறியவற்றையே ஈண்டு எழுதுகிறோம். ஆசிரியர்களுக்குப் பயன்படலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் பயன்படலாம். இவற்றுள் பெரும்பகுதி எளிய ஒழுங்குமுறைகள். இறுதியாகச் சொல்லப் போவது மட்டும் எளிதன்று. அதனை நாம் ஒரு பிள்ளைக்குத் தீங்கு செய்த பின்னரே கற்றுக்கொண்டோம்.

இடம்

முதலில் அறையைப் பிள்ளையின் கண்கொண்டு பார்த்தல் வேண்டும். நம் முதலாண்டில் பொருள்கள் யாவும் நம் மேசைமீதே இருந்தன. தாள் வேண்டுமா, நம்மிடம் வரவேண்டும். பென்சில் முனை ஒடிந்ததா, நம்மிடம் வரவேண்டும். விளைவு என்ன? வகுப்பு முடியும்வரை நம்மைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. அக்கூட்டத்துக்கு அப்பால் யார் என்ன வரைகிறார் என்பது நமக்குத் தெரியவே இல்லை.

அடுத்த ஆண்டு பெஞ்சுகளை மாற்றி எட்டெட்டுப் பேராக ஐந்து குழுக்கள் அமைத்தோம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பழைய பிஸ்கட் டின். அதனுள் எட்டுப் பென்சில், எட்டுத் தூரிகை, இரண்டு துணித்துண்டு, ஓர் அழிப்பான். ஆம், எட்டுப் பேருக்கு ஓர் அழிப்பான்தான்! தனித்தனியே கொடுத்தால் பிள்ளைகள் வரைவதைவிட அழிப்பதே அதிகம். ஒன்றே இருந்தால், தவறிய கோட்டின் பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுத்துப் பார்க்கப் பழகுகிறார்கள். டின்னுக்கு வாரம் ஒரு பொறுப்பாளர். அவர் எழுந்து வருவார், மற்ற எழுவரும் அமர்ந்திருப்பர். நாற்பது பேர் நடமாடிய அறையில் ஐவர் மட்டுமே நடமாடினால் குவளைகள் கவிழ்வது தானே குறையும்.

கத்தரிக்கோலுக்கு ஒரு பலகை செய்தோம். ஆணியில் கத்தரிக்கோலை மாட்டி, அதன் வடிவத்தைச் சுற்றிக் கறுப்பு வண்ணத்தில் தீட்டிவிட்டோம். ஒன்று குறைந்தாலும் வெறும் நிழல் தெரியும். எண்ண வேண்டுவதில்லை, யாரையும் சந்தேகிக்க வேண்டுவதுமில்லை.

மின்விசிறியை நிறுத்தினால் புழுக்கம். ஓடவிட்டால் தாள்கள் பறக்கும். இதற்கு ஒரு மாணவனே வழி கண்டான். ஆற்றிலிருந்து கூழாங்கல் ஒன்றைக் கொண்டுவந்து தாளின்மேல் வைத்துக்கொண்டான். மறுவாரம் எல்லார் கையிலும் ஒரு கூழாங்கல்! அவற்றில் பெயர் எழுதி ஒரு கூடையில் இட்டு வைத்தோம். பல ஆண்டுகள் அக்கூடை நம் வகுப்பில் இருந்தது.

ஈரப் படங்களை உலர்த்தச் சுவரோரமாக நைலான் கயிறு கட்டித் துணிக் கிளிப்புகளை மாட்டினோம். தாளின் பின்புறம் பெயரும் வகுப்பும் எழுதிய பிறகே தூரிகையைத் தொட வேண்டும் என்பது சட்டம். வண்ணம் தீட்டிய பின் எழுதலாம் என்று விட்டால், உரிமையாளர் இல்லாத ஏழெட்டுப் படங்கள் ஒவ்வொரு வாரமும் மிஞ்சும்.

பொருள்

நம் பள்ளியில் ஓவியத்துக்கென ஒதுக்கிய பணம் என்றும் சொற்பமே. எனவே சிக்கனம் ஒரு கலையாயிற்று. கடையில் கிடைக்கும் சார்ட் அட்டை 22 அங்குலம் அகலமும் 28 அங்குலம் நீளமும் உடையது. அதனை 11 அங்குலத்துக்கு 7 அங்குலமாக வெட்டினால் எட்டுத் துண்டுகள் வீணின்றிக் கிடைக்கும். ஐந்து அட்டை நாற்பது பிள்ளைகளுக்குப் போதும். பயிற்சிக்குப் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறமே நன்று. ஜனவரித் திங்களில் பங்கு மக்களிடம் கேட்டால் மூட்டை மூட்டையாகக் கொடுப்பார்கள்.

வண்ணக் கிண்ணத்துக்குக் கொட்டாங்குச்சி. அது உருளுமே என்பீர்கள். தண்ணீர்க் குடம் சுமப்பார் தலையில் வைக்கும் சும்மாடு போல, வைக்கோற்பிரியை வளையமாகச் சுற்றி அதன்மேல் வைத்தால் அசையாது. சீருடைக்குக் காப்பாகத் தந்தையின் பழைய சட்டையைப் பின்புறம் முன்னாக அணிவித்துவிடலாம். இதற்குப் பிறகு தாய்மார்களின் முறையீடுகள் பெரிதும் குறைந்தன.

முதற்பருவத்தில் நாம் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு வண்ணங்களை மட்டுமே கொடுப்போம். பச்சைப் புட்டியை நாம் வாங்கியதே இல்லை. "பச்சை இல்லாமல் மரம் எப்படி, சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சன்னலைக் காட்டுவோம். வெளியே ஒரு வேம்பு, ஒரு வாழை, தொலைவில் பனை. மூன்றும் பச்சைதான், ஆனால் ஒரே பச்சையா? மஞ்சளையும் நீலத்தையும் கூட்டியும் குறைத்தும் அம்மூன்று பச்சைகளையும் கண்டுபிடிக்க ஒரு வகுப்பு முழுதும் ஆகும். புட்டியில் பச்சை இருந்தால் இந்தப் பாடம் இல்லை. கிண்ணங்களின்மேல் வண்ணத்தின் பெயரையும் எழுதி வைப்போம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணமைப்பு சில பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆண்பிள்ளைகளுக்கு, பிறவியிலேயே உண்டு. அதனைக் கவனக்குறைவு என்று எண்ணிக் கடிந்துகொள்வது அநீதி.

வீட்டுப் பொருள்களும் கைகொடுக்கும். மஞ்சளில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தட்டில் காணும் சிவப்பு வரும். சுண்ணாம்பு கண்ணுக்கும் தோலுக்கும் கேடாதலின் அக்கலவையை ஆசிரியரே செய்துகாட்ட வேண்டும். அடுப்புக்கரி கோட்டோவியத்துக்கு மிக நன்று. ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கையாளும் பசையில் அறவே கூடாது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே காய்ச்சிக்கொள்க.

தூரிகைகளைக் குளிர்ந்த நீரில் கழுவி, மயிர்முனை மேலாக நிறுத்தி வைத்தல் வேண்டும். வெந்நீர் பட்டால் மயிரைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும். நீரில் ஊறவிட்டால் முனை வளைந்துவிடும். பிள்ளைகளிடம் கொடுத்த தூரிகை ஓராண்டு தாங்காது என்பார் உளர். கழுவும் முறையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்த பிறகு நம் தூரிகைகள் மூன்றாண்டு உழைத்தன.

நேரம்

பாடவேளை நாற்பது நிமிடம். ஐந்து நிமிடம் பொருள் வழங்க. ஐந்து நிமிடம் நாம் பேச. இருபத்திரண்டு நிமிடம் பிள்ளைகள் வேலை செய்ய. எட்டு நிமிடம் கழுவி ஒதுக்க. இக்கணக்கில் பெரும்பாலும் தவறுவது நம் பேச்சுத்தான். ஐந்து நிமிடம் பதினைந்தாகும். பிள்ளைகள் தூரிகையை நனைத்ததும் மணி அடித்துவிடும். ஒதுக்கும் நேரத்துக்கு நாம் சத்தமிடுவதில்லை. சிறு கைமணி ஒன்றை ஒருமுறை ஒலிப்போம். அதுகேட்டதும் தூரிகை நீரிலிறங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் இதனையே ஒரு விளையாட்டாகப் பயிற்றினோம். அந்த இரண்டு வாரம் வீண்போகவில்லை; ஆண்டு முழுதும் அதன் பலனை நுகர்ந்தோம்.

விரைந்து முடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி. அதனுள் சீட்டுகள். "உன் செருப்பை வரை." "கதவுக்கு வெளியே தெரிவதில் பாதியை வரை." "உன் இடக்கையை, கண்ணை எடுக்காமல் பார்த்து வரை." கைவேலை இருக்கும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளாது.

சித்திர வகுப்பு பல பள்ளிகளில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையாக இருக்கும்; தேர்வு நெருங்கினால் அதுவும் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்டிருந்தால் கலைக்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே கூறுகிறது. சட்டம் கூறும் ஒன்றை நாம் சலுகையாகக் கேட்க வேண்டுவதில்லை என்று அந்த ஆசிரியைக்குச் சொன்னோம்.

நாம் செய்த தவறு

இதுவரை சொன்னவை யாவும் ஒரு நோக்கத்துக்காகவே. அந்நோக்கம் எதுவென்று நமக்கே தெரியாதிருந்த காலமும் உண்டு.

1991ஆம் ஆண்டு. பள்ளி மாணவர்க்கான ஓவியப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. தலைப்பு, 'எங்கள் ஊர்'. பள்ளியில் வரைந்து அஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு மீனவர் மகள். அதிகம் பேசாத பிள்ளை. கடற்கரையை வரைந்திருந்தாள். ஒரு கட்டுமரம், தென்னைகள், ஒரு குடிசை. இவை எல்லாவற்றின் முன்னே தாளின் பாதியை நிறைத்துக்கொண்டு ஒரு வலை. மரத்தைவிடப் பெரிது, வீட்டைவிடப் பெரிது. கண்ணி கண்ணியாக, ஒன்றையும் விடாமல் வரைந்திருந்தாள்.

அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு முந்திய மாலை அது. நாம் அவசரத்தில் இருந்தோம். "அளவு தவறிவிட்டதே அம்மா" என்று சொல்லிக்கொண்டே அவள் பென்சிலை வாங்கி, வலையின் பெரும்பகுதியை அழித்து, ஒரு மூலையில் சிறிதாக வரைந்தோம். கட்டுமரத்தின் வளைவைச் சீர்படுத்தினோம். அடிவானம் ஒன்று இழுத்தோம். பத்து நிமிட வேலை. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு வண்ணப்பெட்டி. தலைமையாசிரியை காலை வணக்கக் கூட்டத்தில் அதனைக் கொடுக்க, பள்ளியே கைதட்டிற்று. அன்று மாலை அப்பிள்ளை நம் மேசைக்கு வந்து பெட்டியை வைத்தாள்.

"இது என் படம் இல்லை, சார். எங்கள் வீட்டு வலை இவ்வளவு சின்னது இல்லை" என்றாள். அழவில்லை, கோபமும் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பின்னர்தான் விசாரித்தோம். அவள் தந்தை அவ்வாண்டு கடன் வாங்கிப் புதுவலை எடுத்திருந்தார். வீட்டு முற்றம் முழுதும் அது பரந்து கிடக்கும். தாயும் மகளும் பொழுதெல்லாம் அதன் கிழிசலைக் கட்டிக்கொண்டிருப்பர். அவ்வீட்டின் கவலையும் நம்பிக்கையும் அந்த வலைதான். அவள் கண்ணுக்கு வலை பெரிதாகத் தெரிந்தது பிழையன்று, அதுவே உண்மை. அவ்வுண்மையை நாம் அழிப்பான்கொண்டு அழித்துவிட்டோம்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை அப்பிள்ளை நாம் சொன்னதையெல்லாம் வரைந்தாள். மாம்பழம் என்றால் மாம்பழம்; குடம் என்றால் குடம். தானாக ஒரு கோடும் இழுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டோம், தலையசைத்தாள். அவ்வளவுதான். அந்த வண்ணப்பெட்டி நம் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

பின்னாளில் படித்தறிந்தோம். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்டு என்னும் கலைக்கல்வி அறிஞர், 1947இல் வெளியிட்ட நூலில் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிப்படியாக விளக்கியுள்ளார். சிறு குழந்தை தனக்கு முக்கியமானதைப் பெரிதாக வரையும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் தன் படத்தைத் தானே குறைகூறத் தொடங்கும். 'எனக்கு வரைய வராது' என்று கூச்சப்படும். நடுநிலைப் பள்ளியின் வயது இதுவே. அவ்வேளையில் ஆசிரியரின் கை படத்தின்மேல் விழுந்தால், பிள்ளையின் ஐயம் உறுதியாகிவிடுகிறது.

அன்றிலிருந்து நமக்கு நாமே ஒரு விதி செய்துகொண்டோம். பிள்ளையின் தாளில் நம் பென்சில் படக்கூடாது. காட்ட வேண்டியது இருந்தால் கரும்பலகையில் வரைந்து காட்டி உடனே அழித்துவிடுவோம். இல்லையேல் கேள்வி கேட்போம். "படகில் எத்தனை பேர் ஏறுவார்கள்?" "காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?" விடை சொல்லும் பிள்ளை தானே படத்துக்குத் திரும்பி எதையோ சேர்க்கும். மதிப்பெண்ணும் அவ்வாறே. ஜூனில் வரைந்த முதற்படத்தையும் மார்ச்சில் வரைந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்து அதே பிள்ளையோடு அதே பிள்ளையை ஒப்பிட்டோம். பக்கத்துப் பிள்ளையோடு அன்று.

டின்னும் கூழாங்கல்லும் கைமணியும் எதற்கு என்பது அப்போதுதான் விளங்கிற்று. 1991இல் நாம் தீயவராக இருந்து அப்பிள்ளையின் வலையை அழிக்கவில்லை. நேரமில்லாதவராக இருந்து அழித்தோம். அறையில் ஒழுங்கு இருந்தால் ஆசிரியருக்கு ஓய்வு கிடைக்கிறது. ஓய்வு இருந்தால் ஒரு பிள்ளையின் பக்கத்தில் இரண்டு நிமிடம் அமர்ந்து, 'இந்த வலை ஏன் இவ்வளவு பெரிது?' என்று கேட்க முடிகிறது. ஒழுங்கு அமைதிக்காக மட்டுமன்று. அந்த இரண்டு நிமிடத்துக்காக.

பெற்றோருக்கு

பெற்றோர்களே, உங்களிடமும் சில சொற்கள். பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, 'இது என்ன?' என்று கேட்காதீர்கள். மாடு என்று தெரியவில்லையே என்று பிள்ளை நாணும். 'இதைப்பற்றிச் சொல்' என்று கேளுங்கள். 'படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?' என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். கூர்ந்து பார்க்கக் கற்ற கண் தையலுக்கும் தச்சுக்கும் மருத்துவத்துக்கும் உதவும். போட்டிக்கு அனுப்பும் படத்தில் தந்தையோ தமையனோ கைவைக்க வேண்டாம். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி 'இதைப் பார்த்து அப்படியே வரை' என்பதைவிட, அடுக்களையிலுள்ள முருங்கைக்காயைப் பார்த்து வரையச் சொல்வது மேல். ஒரு பழைய அட்டைப்பெட்டியை ஒதுக்கி, பிள்ளையின் படங்களைத் தேதியிட்டுச் சேர்த்து வையுங்கள். ஆண்டிறுதியில் இருவரும் சேர்ந்து பாருங்கள். வளர்ச்சி தானே தெரியும்.

அரையாண்டு விடுமுறையில் அந்த இளம் ஆசிரியை மீண்டும் வந்தார். குவளை இன்னும் அவ்வப்போது கவிழ்கிறதாம். ஆனால் துடைக்கும் துணி பக்கத்திலேயே இருக்கிறதாம். கணக்காசிரியர் இப்போதெல்லாம் வருவதில்லை என்றார். ஒரு கட்டுப் படங்களையும் கொண்டுவந்திருந்தார். அவற்றுள் ஒன்றில் மாட்டுக்கு ஐந்து கால்கள். நாம் அதனைக் கையிலெடுத்ததும் அவர் முந்திக்கொண்டார்.

"கேட்டுவிட்டேன், சார். மாடு ஒரு காலால் ஈயை விரட்டுகிறதாம். விரட்டும்போது அந்தக் கால் இரண்டு இடத்தில் தெரியுமாம்."

படத்தை மீண்டும் உற்றுப் பார்த்தோம். ஐந்து கால்களும் பையன் வரைந்தபடியே இருந்தன. எதன்மேலும் வேறொருவர் பென்சில் பட்ட தடம் இல்லை. நமக்கு மனம் நிறைந்தது.